வால்வைக் கழற்றச் சொன்னது நான்தான்

கயல்,

நேற்று போனில் நீ சிரித்துக்கொண்டே சொன்னதைக் காலையிலிருந்து நினைத்துக்கொண்டே இருக்கிறேன். வேலைக்கான நேர்காணலில் உன்னிடம், "சூடான ஊர்களில் லாரிக்காரர்கள் இன்ஜினில் இருக்கும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிப் போட்டுவிடுகிறார்களே, ஏன்?" என்று கேட்டார்களாம். நீ உடனே, "எங்கள் வீட்டு லாரியிலேயே நடந்திருக்கிறது சார். படிக்காத மெக்கானிக் ஒருவர் கழற்றிவிட்டார். அப்பா கண்டுபிடித்து மாட்டினார்" என்றாயாம். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் ரசித்துக் கேட்டார்களாம். திங்கட்கிழமை ஓசூரில் இன்ஜின் சோதனைப் பிரிவில் சேரப் போகிறாய். உன் அப்பா அதைத் தெருவில் கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். நேற்று சிலிண்டர் போட வந்த ஆள் தோளில் சிலிண்டரோடு நின்று முழுக் கதையையும் கேட்டுவிட்டுத்தான் அதை இறக்கினார்.

எல்லாம் சந்தோஷம்தான். ஆனால் அந்தக் கதையில் ஒரு திருத்தம் இருக்கிறது. நீ சொன்ன அந்த மெக்கானிக் நம் ஜமால் பாய். அவர் அந்த வால்வைக் கழற்ற மாட்டேன் என்று என்னிடம் அரை மணி நேரம் மன்றாடினார். கழற்றச் சொன்னது நான். திருவையாறு பக்கம் நடவுக்கும் அறுப்புக்கும் போன குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள், பி.எஸ்ஸி. இயற்பியல் முதல் வகுப்பில் தேறியவள், உன் அம்மா. யாரோ எப்போதோ உன்னிடம் கதையை மாற்றிச் சொல்லியிருக்கிறார்கள். பக்கத்தில் இருந்த நான் திருத்தவில்லை. அப்படித்தான் அந்தப் பொய் உன்னோடு நேர்காணல் வரைக்கும் போயிருக்கிறது. நீ ஓசூர் போய்ச் சேருவதற்குள் உண்மை உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நீ பிறந்த மறு வருஷம் உன் அப்பா குவைத்துக்குப் போனார். நம் தெருவில் அப்போது வீட்டுக்கு ஓர் ஆள் வெளிநாட்டில் இருந்தார். நாலு வருஷம் அங்கே கனரக வண்டி ஓட்டிவிட்டுத் திரும்பி வந்து, பழைய லாரி ஒன்றை வாங்கினார். ஆர்.சி. புத்தகத்தில் என் பெயரைப் போட்டார். "நான் ஓட்டுறவன், நீதான் ஓனரு" என்று கடைத்தெருவில் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். அன்றிலிருந்து ஜமால் பாய்க்கு நான் ஓனரம்மா ஆகிவிட்டேன். பேராவூரணித் தேங்காய், அதிராம்பட்டினம் உப்பு, திருவையாறு பக்கத்து ஆலைகளின் அரிசி என்று லோடு வந்துகொண்டே இருந்தது. எங்களுக்குள் ஒரே ஒரு கணக்குதான். இந்த வண்டி ஒழுங்காக ஓடினால் அவர் நம்மோடு இருப்பார். ஓடாவிட்டால் திரும்பவும் விமானம் ஏறுவார். இதை நாங்கள் வாய்விட்டுப் பேசிக்கொண்டது இல்லை. ஆனால் லாரி ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்கும் ஒவ்வொரு காலையும் எனக்கு அது நினைவுக்கு வரும்.

அந்தச் சித்திரையில் அக்னி நட்சத்திரம் கொளுத்திக்கொண்டிருந்தபோது, நம் தெருமுனையில் வேறொரு லாரி கொதித்து நின்றது. அவசரத்தில் ரேடியேட்டர் மூடியைத் திறந்த டிரைவர் கை வெந்துபோய்க் கத்தியதை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு உன் அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பும்போதெல்லாம் எனக்கு அந்தக் கைதான் கண்ணுக்குத் தெரியும். சூடு என்றாலே நமக்கு ஆகாது, பார். உடம்புச் சூட்டுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறோம், வயிற்றுச் சூட்டுக்கு மோர் குடிக்கிறோம், பிள்ளை நன்றாக இருந்தால் மனசு குளிர்ந்தது என்கிறோம். லாரிக்காரர்களும் நம் ஆட்கள்தானே. "வால்வு குளிர் நாட்டுக்காரனுக்கு. நம்ம வெயிலுக்கு அது எதுக்கு? கழட்டிப் போட்டா தண்ணி தாராளமா ஓடும், வண்டி குளுகுளுன்னு இருக்கும்" என்பது நம் பட்டுக்கோட்டை முழுவதும் இருந்த பேச்சு. அதை நான் என் இயற்பியலோடு சேர்த்து யோசித்தேன். ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகும் குழாயில் இந்த வால்வு ஒரு தடை. தடையை எடுத்தால் ஓட்டம் கூடும். ஓட்டம் கூடினால் வெப்பம் குறையும். எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது! பயப்படுகிற மனசுக்குப் படிப்பு கிடைத்துவிட்டால் அது பயத்துக்கும் சூத்திரம் எழுதிவிடும். அதை அன்று நான் அறியவில்லை.

உன் அப்பா ஒரு கல்யாணத்துக்காக நாகப்பட்டினம் போயிருந்தார். ஹோஸ் பைப் மாற்றுவதற்காக வண்டி ஜமால் பாயின் பட்டறையில் நின்றது. நான் போய், வால்வையும் கழற்றிவிடுங்கள் என்றேன். பாய் கையில் இருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"அது இருக்கணும் தங்கச்சி. கம்பெனிக்காரன் சும்மா வைப்பானா?"

"எல்லா லாரியிலயும் கழட்டித்தானே ஓட்டுறாங்க, பாய்?"

"எல்லாரும் ஓட்டுறாங்க. எல்லாரும் வருஷா வருஷம் எங்கிட்ட இன்ஜின் வேலைக்கும் வர்றாங்க. அதைக் கேட்டீங்களா?"

"அவருக்கு ஏதாச்சும் ஆயிட்டா நீங்க வந்து பதில் சொல்வீங்களா?"

"ஓனரம்மா சொல்லிட்டா செய்ய வேண்டியதுதான்" என்று முணுமுணுத்தபடி பாய் கழற்றினார். "தம்பிகிட்ட சொல்லிருங்க" என்று உன் அப்பாவைக் குறித்துச் சொன்னார். சொல்லிவிடுகிறேன் என்றேன். சொல்லவில்லை. நாலு நாள் கழித்துப் பாய் மலேசியாவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். மாதக்கணக்கில் அங்கேயே இருந்தார்.

முதல் மாதம் எனக்குக் கொண்டாட்டமாக இருந்தது. ஹீட் மீட்டரின் முள் படுத்த இடத்தை விட்டு எழவே இல்லை என்று உன் அப்பா ஆச்சரியப்பட்டபோது நான் உள்ளுக்குள் பூரித்துப்போனேன். ஆடி, ஆவணி ஆனதும் அவர் பேச்சு மாறியது. காலையில் வெள்ளைப் புகை அடங்க நேரமாகிறது, லோடு ஏற்றினால் இழுவை இல்லை, டீசல் எங்கே போகிறது என்றே தெரியவில்லை என்றார். இன்ஜின் ஆயிலை மாற்றப் போனால் அது தார் மாதிரி வழிந்ததாம். தஞ்சாவூரில் ஒருவரிடம் காட்டினார். அவர் நாசில் பார்த்தார், பம்ப் பார்த்தார், கடைசியில் "இன்ஜினையே பிரிச்சு வேலை பாக்கணுங்க" என்றார். வால்வு இல்லையே என்று யாரும் சொல்லவில்லை, ஏனென்றால் அவர்கள் பார்த்த எந்த லாரியிலும் அது இல்லை. எனக்கும் தோன்றவில்லை. கொதிக்காத இன்ஜினுக்கு நோய் எப்படி வரும்?

மார்கழியில் குவைத்திலிருந்து பழைய கூட்டாளி ஒருவர் சொல்லி அனுப்பினார். முதலாளி விசா தயாராக வைத்திருக்கிறார், பொங்கலுக்கு முன்னால் போனில் சரி என்று சொன்னால் போதும். மறுநாள் உன் அப்பா பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்து வெயிலில் வைத்தார். நீ அதற்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றாய். ஐந்து வயது உனக்கு. அவர் வந்த புதிதில் அவரைக் கண்டு கதவுக்குப் பின்னால் ஒளிந்தவள், அப்போதுதான் அவர் தோளை விட்டு இறங்காதவளாக மாறியிருந்தாய்.

அந்த வாரம் ஒரு காலை. பள்ளிக்கூட வேன் வரும் நேரம். நீ பசிக்கிறது என்று கத்த, நான் அவசரத்தில் தோசைக்கல் காயும் முன்பே மாவை ஊற்றிவிட்டேன். ஒட்டிக்கொண்டது. எண்ணெய் விட்டேன். குடித்துக்கொண்டு இன்னும் ஒட்டியது. இன்னும் விட்டேன். வேகாத மாவும் எண்ணெயுமாகப் பிய்ந்து வந்ததைத் தட்டில் போட்டபோது நீ அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கல்லு காயலம்மா. எண்ணெயெல்லாம் வேஸ்ட்டு" என்றாய். நான் தினமும் சொல்கிற வசனத்தை என் குரலிலேயே திருப்பிச் சொன்னாய். நான் தோசைத் திருப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். கல் காயவில்லை. எண்ணெய் குடிக்கிறது. வேகாமல் ஒட்டுகிறது. எட்டு மாதமாக உன் அப்பா சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தானே? சமையலறையில் நாம் சூடு என்று பயப்படுவதே இல்லை, கவனித்திருக்கிறாயா? கல் காயணும், எண்ணெய் காயணும் என்று காத்திருக்கிறோம். காய்கிற அளவு சூடு வேலைக்கான சூடு. அடுப்பில் தினமும் நான் கடைப்பிடித்ததை இன்ஜினுக்கு மறுத்துவிட்டேன்.

ஜமால் பாய் அதற்கு முந்தின வாரம்தான் ஊர் திரும்பியிருந்தார். பட்டறைக்கு ஓடினேன். நான் சொல்லி முடிக்கும் முன்பே தலையில் கை வைத்துக்கொண்டார்.

"தம்பிகிட்ட சொல்லவே இல்லையா நீங்க? யா அல்லா! அவருக்குத் தெரியும்னுல்ல நான் நினைச்சேன்?"

"இன்ஜின் போயிருச்சா, பாய்?"

"போயிருக்காது. தேஞ்சிருக்கும். காயாத இன்ஜின்ல டீசல் முழுசா எரியாது. எரியாத டீசல் ஆயிலுக்குள்ள இறங்கி அதைக் கெடுக்கும். முதல்ல வால்வை மாட்டி ஆயிலை மாத்துவோம். பழசு துருப்பிடிச்சிருக்கும். புதுசு வாங்கியாங்க. எத்தனை டிகிரின்னு பாத்து வாங்கணும்."

வண்டியோடு வந்த ஆங்கிலக் கையேட்டை அன்றுதான் நான் முதன்முதலாகத் திறந்தேன். எண்பத்திரண்டு டிகிரி என்று அச்சிட்டிருந்தது. தஞ்சாவூர் உதிரிபாகக் கடைக்காரர் அதைப் பார்க்கவே இல்லை. "நம்ம ஊருக்கு எண்பத்திரண்டு ஓவரும்மா. எழுபத்தொண்ணு எடுத்துக்குங்க. வண்டி ஐஸ் மாதிரி ஓடும்" என்றார். "ஐஸ் மாதிரி ஓடித்தாங்க இங்க வந்து நிக்கிறேன்" என்றேன். ஆனாலும் என் பயம் முழுசாகப் போகவில்லை, கயல். இரண்டையும் வாங்கிக்கொண்டு வந்தேன். என்னோடு படித்து, பள்ளியில் ஆசிரியையாக இருந்த தோழியிடம் ஆய்வக வெப்பமானி ஒன்றை இரவல் வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, இட்லிப் பானையில் தண்ணீர் வைத்து, இரண்டு வால்வையும் அடியில் படாமல் நூலில் கட்டித் தொங்கவிட்டு, வெப்பமானியை நான் பிடித்துக்கொண்டேன். ஜமால் பாய் சாட்சிக்கு வந்திருந்தார். முக்காலியில் உட்கார்ந்து பானைக்குள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். டீக்கடையிலிருந்து வந்த உன் அப்பா அடுப்படி வாசலில் நின்றுவிட்டார்.

"என்ன பாய், எங்க வீட்டுல சமையலா?"

"வால்வு ரசம் தம்பி. ஓனரம்மா கைப்பக்குவம். உக்காருங்க, உங்களுக்கும் ஒரு கரண்டி இருக்கு."

"தண்ணி சூடாகிறதுக்குள்ள உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுங்க" என்று ஆரம்பித்தேன். வெப்பமானியையே பார்த்துக்கொண்டு சித்திரையிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். நாற்பது, ஐம்பது, அறுபது என்று ஏறிக்கொண்டிருந்தது. அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. எழுபத்தொன்று கிட்டத்தில் ஒரு வால்வு மெல்ல வாய் திறந்தது. எண்பத்திரண்டைத் தொட்டதும் இன்னொன்று திறந்தது. அதற்குப் பிறகுதான் உன் அப்பா பேசினார்.

"எட்டு மாசம். அந்த இன்ஜினை நான் திட்டாத திட்டு இல்ல. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சொன்னா திட்டுவீங்கன்னு பயந்தேன்."

"திட்டியிருக்க மாட்டேன். நல்ல காரியம்னு சொல்லியிருப்பேன். நானும் அதே ஊர்க்காரன்தானே?" என்று சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பில் கண் கலங்கியது. பாய் நிம்மதியாக மூச்சு விட்டு, எனக்கு ஒரு டீ கிடைக்குமா என்றார்.

அடுத்தது எதை மாட்டுவது என்ற கேள்வி. எழுபத்தொன்று சீக்கிரம் திறக்கிறதே, அதுதானே பாதுகாப்பு என்றேன். பாய் பானையைக் காட்டினார். தண்ணீர் கொதிநிலைக்குப் போய்க்கொண்டிருந்தது. இரண்டு வால்வும் அகலமாகத் திறந்து ஒரே மாதிரி நின்றன. "பாருங்க. முழுசா திறந்துட்டா ரெண்டும் ஒண்ணுதான். அதுக்கு மேல சூட்டை எடுக்கிறது ரேடியேட்டரும் காத்தாடியும்தான். அதை ஒழுங்கா கழுவி வச்சா வண்டி கொதிக்காது. வால்வு வேலையே வேற. இன்ஜினை வேலை செய்ற சூட்டுக்குக் கீழ இறங்க விடாம பாத்துக்கும்." உன் அப்பா உடனே, "மதகு மாதிரிங்கிறீங்க. பலகையைப் பிடுங்கிட்டா வயல்ல தண்ணி நிக்காம ஓடிரும்" என்றார். அவ்வளவுதான், என் மூன்று வருஷப் படிப்பை ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார். கையேட்டில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டார். எண்பத்திரண்டு என்றேன். "அப்ப அதுதான்" என்றார். அன்று சாயங்காலமே பாய் அதை மாட்டி ஆயிலையும் மாற்றினார். எழுபத்தொன்றைப் பிறகு கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

மறுநாள் பேராவூரணியிலிருந்து தேங்காய் லோடு, திருச்சிக்கு. நானும் வருவேன் என்று பிடிவாதமாக ஏறினேன். பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டு உன்னையும் மடியில் வைத்துக்கொண்டேன். முள் எழுந்தது. எட்டு மாதமாக அது படுத்திருந்த இடத்தைத் தாண்டி ஏறியது. வண்டியை நிறுத்துங்கள் என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. உன் கையைப் பிடித்துக்கொண்டேன். ஒரத்தநாடு தாண்டுவதற்குள் முள் நடுவில் வந்து நின்றது. அதற்கு மேல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. உன் அப்பா கியரை மாற்றி மிதித்தார். வண்டி முதுகைப் பிடித்துத் தள்ளியது போல முன்னால் போனது. கண்ணாடியில் பின்பக்கம் பார்த்தேன். புகை இல்லை. இரண்டு பக்கமும் சம்பா தலைசாய்ந்து நின்ற வயல்கள். அவர் ஸ்டீயரிங்கைத் தட்டித் தட்டி ஏதோ பாட்டை முனகினார். நீ முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தாய். இன்ஜின் மேல் உனக்கு ஆசை வந்தது எங்கே என்று யாராவது கேட்டால், நான் அந்தச் சாலையைச் சொல்வேன்.

கயல், உன்னையும் நான் சில சமயம் வால்வைக் கழற்றித்தான் வளர்த்தேன். பத்தாம் வகுப்பில், ஆய்வகத்தில் பையன்களை மட்டும் கருவியைத் தொட விடுகிறார்கள் என்று நீ ஆசிரியரிடம் சண்டை போட்டுவிட்டு வந்தபோது, போய் மன்னிப்புக் கேள் என்று உன்னை அனுப்பினேன். நீ கேட்டாய். ஒரு மாதம் ஆய்வகத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாய். அந்தச் சூடு வேலைக்கான சூடு என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஓசூரில் ஏதாவது தப்பாகப் பட்டால் சொல். தணிந்து போ என்று இனி நான் சொல்ல மாட்டேன். கொதித்துப்போய் மூடியைத் திறக்காதே, அது மட்டும் போதும். முதல் சில மாதங்கள் உன்னை மந்தமானவள் என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். காய்வதற்கு நேரம் ஆகும், அந்த நேரத்தில் உன் மேல் நீயே முழு லோடை ஏற்றிக்கொள்ளாதே. தப்புச் செய்தால் பானைத் தண்ணீர் கொதிக்கும் முன்பே சொல்லிவிடு. நான் எட்டு மாதம் எடுத்துக்கொண்டேன். பட்டறைக்காரர் ஒருவர் கையில் கிரீஸோடு வந்து, இது இருக்கணும் என்று சொன்னால் காது கொடு. உன் சான்றிதழ் அவரிடம் இருக்காது. அவர் திறந்து பார்த்த இன்ஜின்களை நீயும் நானும் எண்ணி முடிக்க முடியாது.

விசாவைப் பற்றி உனக்கு யாரும் முழுசாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு, பதில் சொல்ல வேண்டிய நாள் வந்தது. உன் அப்பா என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரியாது. வண்டி நன்றாகத்தான் ஓடியது, ஆனால் ஓடத் தொடங்கிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. கேட்கப் பயந்துகொண்டு, கேட்காமல், கடைத்தெரு டெலிபோன் பூத்துக்கு நானும் நீயும் கூடப் போனோம். கண்ணாடிக் கூண்டுக்குள் மூன்று பேரும் நெருக்கிக்கொண்டு நின்றோம். அவர் எண்களை அழுத்தினார்.

"அண்ணே, நான்தான்... இல்லண்ணே. வரலண்ணே... சம்பளத்துக்காக இல்ல. வண்டி நல்லா ஓடுது... என்னது? இல்லண்ணே, ஓனரம்மா லீவு தர மாட்டேங்குறாங்க."

ரிசீவரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நீ அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாய். அவர் குவைத்தில் இருந்த நாலு வருஷமும் வெள்ளிக்கிழமை தோறும் இதே பூத்துக்கு உன்னைத் தூக்கிவந்து, அப்பாவோடு பேசு என்று இதே ரிசீவரை உன் காதில் வைத்திருக்கிறேன். உன்னைப் பொறுத்தவரை அப்பா குடியிருந்த வீடு அதுதான்.

"அப்பா, நீங்க இங்க இருக்கீங்கள்ல? அப்ப போனுக்குள்ள இப்ப யாரு இருக்கா?"

அவர் உன்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ரிசீவரை எடுத்து உன் காதில் வைத்தார். "யாரும் இல்லடா. நீயே கேட்டுப் பாரு" என்றார். நீ மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டாய். பிறகு முகமெல்லாம் சிரிப்பாக, "ஆமா, காலியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, நானும் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று ரிசீவரை என்னிடம் நீட்டினாய்.

அம்மா